இன்சூரன்ஸ் இல்லாமல் இடித்து, இப்போது வழக்கும் வந்துவிட்டதா? திருகோணமலைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

காப்புறுதி உள்ள வாகனம் இடித்தால் கம்பனி ஆள் வந்து படம் எடுப்பார், சேதத்தை மதிப்பார், மற்றப் பக்கத்தோடு பேரம் பேசுவார். வழக்கு வந்தால் சட்டத்தரணியையும் கம்பனியே பிடிக்கும். காப்புறுதி இல்லாதவருக்கு இந்த நாலு வேலையும் தன் தலையில்தான். பணம் கட்டுவது அதற்குப் பிறகு வரும் பிரச்சினை. அநேகமானோர் மாட்டுவது பணத்தில் அல்ல, நீதிமன்றத் தவணைக்குப் போகாமல் விட்டதிலும், தேவையில்லாத இடத்தில் கையொப்பம் வைத்ததிலும்தான்.

முதலில் இரண்டு வழக்கையும் பிரித்துப் பாருங்கள். பொலிஸ் நீதவான் நீதிமன்றத்தில் போடுவது ஒன்று: கவனயீனமாக ஓட்டியது, காப்புறுதி இல்லாமல் வீதியில் வாகனத்தைப் பாவித்தது (மோட்டார் வாகனச் சட்டத்தின் 99ஆம் பிரிவு), ஆள் இறந்திருந்தால் தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவு. இடிபட்டவர் நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் போடுவது மற்றது. நீதவான் நீதிமன்றத்தில் தண்டம் கட்டிவிட்டு "விசயம் முடிஞ்சுது" என்று வீட்டுக்குப் போனவருக்கு, ஒன்றரை வருடம் கழித்துப் பதிவுத் தபாலில் அழைப்பாணை வரலாம். நட்டஈட்டு வழக்கைத் தொடுக்கக் காலவரையறைச் சட்டம் கொடுப்பது விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம். காயப்பட்டவர் பராயமடையாத பிள்ளை என்றால் அந்தக் கணக்கு நீளும்.

உண்மையிலேயே காப்புறுதி இல்லையா?

இதைக் கண்ணில் எண்ணெய் ஊற்றித் தேடிப் பாருங்கள். கண்ணாடியில் ஒட்டிய அட்டை பழையது என்பதால் மட்டும் காப்புறுதி இல்லை என்று முடிவெடுக்க வேண்டாம். புதுப்பித்த காசு கட்டிய பற்றுச்சீட்டு, தற்காலிகக் காப்புறுதிச் சீட்டு, வாகனத்தைத் தந்த லீசிங் கம்பனி தன் பங்குக்கு எடுத்து வைத்த காப்புறுதி என்று ஏதாவது இருக்கலாம். சான்றிதழில் தொடங்கும் திகதியோடு நேரமும் இருக்கும், அதையும் பாருங்கள். காப்புறுதி ஓடிக்கொண்டிருக்க, ஓட்டியவரிடம் சாரதி அனுமதிப்பத்திரம்தான் இல்லை என்றால் அது வேறு கதை. அப்போதும் காயப்பட்டவருக்குக் கம்பனி கட்டவேண்டி வரலாம், பிறகு அந்தக் காசை உங்களிடம் அறவிடும். கம்பனியிடம் தீர்ப்புத் தொகையைக் கேட்க வேண்டுமென்றால் வழக்குப் பற்றிய அறிவித்தல் வழக்குத் தொடுப்பதற்கு முன்போ, தொடுத்து 7 நாட்களுக்குள்ளோ கம்பனிக்குப் போயிருக்க வேண்டும். ஆகவே சந்தேகம் இருந்தாலே, வழக்குப் பற்றி எந்தக் கடிதம் கிடைத்தாலும் அன்றே அதன் பிரதியைப் பதிவுத் தபாலில் கம்பனிக்கு அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. இடித்த அன்று மத்தியானம் ஓடிப்போய்ப் புதுக் காப்புறுதி எடுத்துக் காலைத் திகதி போடுவிக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. தண்டத்தோடு போயிருக்கும் விசயத்தை மோசடி ஆக்குகிற வேலை அது.

வழக்கு யார் பேரில் வரும்?

ஓட்டியவர் பேரிலும், பதிவு உரிமையாளர் பேரிலும். இங்கேதான் 'ஓப்பின் பேப்பர்' வியாபாரம், அதாவது பெயர் மாற்றாமல் விற்பது, கழுத்தை நெரிக்கும். மோட்டார் சைக்கிளை மூன்று வருடத்துக்கு முன் விற்றுக் காசும் வாங்கியாயிற்று, ஆனால் பெயர் மாற்றவில்லை. வாங்கியவர் மட்டிக்களியில் யாரையோ இடித்துவிட்டார். அழைப்பாணை வருவது பழைய சொந்தக்காரர் வீட்டுக்கு. கைமாறி 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கச் சட்டம் சொல்வது இதற்குத்தான். அறிவிக்கவில்லை என்றாலும் வழி அடைபடவில்லை. விற்ற அன்று எழுதிய சீட்டு, வாங்கியவரின் அடையாள அட்டைப் பிரதி, காசு வங்கியில் விழுந்த பதிவு எல்லாவற்றையும் சட்டத்தரணியிடம் கொடுங்கள். ஓட்டியவர் உங்கள் வேலையாளோ, உங்கள் அலுவலாக ஓடியவரோ இல்லை என்று காட்ட அவை வேண்டும். வாகனம் உங்களுடையதாகவே இருந்து, சம்பளத்துக்கு ஆள் வைத்து ஓட்டியிருந்தால் இந்த வாதம் எடுபடாது. அவர் வேலை நேரத்தில் விட்ட பிழை உங்களையும் சேரும்.

முதல் சில நாள்

இடித்த இடத்தில் நிற்பதும், பெயர், விலாசம், வாகன இலக்கம் கொடுப்பதும், காயப்பட்டவருக்கு உதவுவதும் சட்டக் கடமை. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், பொலிஸுக்கு 119. காப்புறுதி இல்லை என்ற பயத்தில் ஓடிப்போவதுதான் இருப்பதிலேயே கெட்ட யோசனை. பிறகு கவனயீனத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், ஓடிப்போனவர் சொல்வதை நம்ப ஆள் இருக்காது.

படம் எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. உடைந்த பம்பரை மட்டும் பத்துக் கோணத்தில் எடுத்துப் பயனில்லை. வாகனங்களை அசைப்பதற்கு முன், இருபது முப்பது அடி தள்ளி நின்று நாலு பக்கத்திலிருந்தும் எடுங்கள். வீதியின் நடுக்கோடு, கரை, பக்கத்தில் அசையாமல் இருக்கும் ஒரு பொருள் (கரண்டுக் கம்பம், மதகு, கிலோமீற்றர் கல்) படத்துக்குள் விழவேண்டும். பிறகு கிட்டப் போய்ப் பிரேக் அடித்த தடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கண்ணாடித் துண்டுகள் எங்கே கொட்டியிருக்கின்றன என்று எடுங்கள். முதலில் முட்டுப்பட்ட இடத்தைப் பெரும்பாலும் காட்டிக் கொடுப்பது துண்டுகளும் மண்ணும்தான். வாகனங்கள் போய் நின்ற இடம் வேறாக இருக்கும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கரையில் மணல் படிந்திருந்தால் அதையும் விடாதீர்கள், மோட்டார் சைக்கிள் சறுக்கிய கதைக்கு அது முக்கியம். எதிரே கடையில் கமரா இருந்தால் அன்றே போய்க் கேளுங்கள். பதிவு சில நாளில் தானாக அழிந்து மேலே புதியது எழுதப்பட்டுவிடும்.

வாக்குமூலம். காப்புறுதி இல்லை என்பதை மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம். ஆனால் காப்புறுதி இல்லாதது வேறு, பிழை யாருடையது என்பது வேறு. காப்புறுதி இல்லை என்பதாலேயே விபத்துக்கு நீங்கள்தான் காரணம் என்று ஆகாது. பொலிஸிலும் சரி, விபத்து நடந்த இடத்தில் கூடிய சனத்திலும் சரி, இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். என்ன வேகம், எந்தப் பக்கம், எதை எப்போது கண்டீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். "என்ர பிழைதான், நான் பாக்கிறன்" என்று பதட்டத்தில் சொல்வது அப்படியே எழுதப்படும், இரண்டு வருடம் கழித்து மாவட்ட நீதிமன்றத்தில் உங்கள் முன் வாசிக்கப்படும். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால் தமிழில் வாசித்து விளக்கச் சொல்லிக் கேட்டபிறகே கையொப்பம். விளக்கவில்லை என்றால் கையொப்பத்துக்கு மேலே அதைத் தமிழில் ஒரு வரி எழுதிவிடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள். பொலிஸ் புத்தகத்தின் பிரதி, இடத்தின் வரைபடம், மோட்டார் வாகனப் பரிசோதகரின் அறிக்கை என்பவற்றை எடுக்க அந்த இலக்கம் வேண்டும்.

நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் கட்டாயம் சட்டத்தரணி ஒருவரோடு பேசுங்கள். காப்புறுதி இல்லாத குற்றத்தை ஒப்புக்கொள்வதில் பெரிய இழப்பில்லை, அது காகிதத்தில் தெரிகிற விசயம். கவனயீனமாக ஓட்டினேன் என்று ஒப்புக்கொள்வது அப்படியல்ல. அன்றைய அலைச்சலை மிச்சம் பிடிக்கப் போய், நட்டஈட்டு வழக்கின் பாதியை மற்றப் பக்கத்திடம் கொடுத்துவிடுவீர்கள். நீதவான் அங்கேயே நட்டஈடு கட்டச் சொன்னால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், பிறகு அதைக் கழிக்கும்படி கேட்கலாம்.

கோரிக்கைக் கடிதம் வந்தால்

வழக்குக்கு முன் அநேகமாக ஒரு சட்டத்தரணியின் கடிதம் வரும்: இத்தனை நாளுக்குள் இத்தனை லட்சம், இல்லையென்றால் வழக்கு. பேசாமல் இருப்பது நல்லதல்ல. பதில் போடாதது ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்று பிறகு வாதாடுவார்கள். பொறுப்பை ஏற்காமலும், விவரம் கேட்டும் ஒரு சிறு பதிலைச் சட்டத்தரணி மூலம் அனுப்புங்கள். கேட்கவேண்டியவை: திருத்த மதிப்பீடு பொருள் பொருளாக, வைத்தியசாலை அட்டையும் பில்லும், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, வருமானத்துக்கு ஆதாரம், அவர் வாகனத்துக்கு முழுக் காப்புறுதி இருந்ததா, கம்பனி காசு கொடுத்துவிட்டதா என்ற விபரம். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. கம்பனி அவருக்குக் காசு கொடுத்திருந்தால் அதை உங்களிடம் அறவிடும் உரிமை கம்பனிக்குப் போகும். நீங்கள் அவர் கையில் கொடுத்துவிட்டு, கம்பனிக்கும் கட்ட நேரிடக்கூடாது.

மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கராஜுக்குப் போங்கள். ஒரு முச்சக்கர வண்டியின் மதிப்பீடு என்று வைப்போம். முன் மட்காட், லைட், கண்ணாடி, 'டிங்கரிங்', பெயின்ட், கூலி என்று வரிவரியாக இருக்கும். முன்னுக்கு இடிபட்ட வண்டிக்குப் பின் ரயரும், பழைய சீற்றும், முழு வண்டிக்கும் பெயின்ட்டும் எழுதியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். துருப்பிடித்த மட்காட்டுக்குப் புது மட்காட் போட்டால் அவருடைய வண்டி முன்பு இருந்ததைவிட நல்லதாகிவிடுகிறது, அந்த வித்தியாசத்தை நீங்கள் கொடுக்கத் தேவையில்லை.

வருமான இழப்பில்தான் தொகை ஊதும். உதாரணத்துக்கு, நாளுக்கு 4,000 ரூபா வீதம் 30 நாள், 1,20,000 ரூபா என்று கேட்கிறார். 4,000 என்பது கையில் விழும் காசு. பெற்றோலும் ஒயிலும் 1,500 போனால் உண்மையான இழப்பு நாளுக்கு 2,500. கராஜில் வேலை முடிய எடுத்தது 12 நாள் என்றால் கணக்கு 30,000 ரூபா. காசில்லாமல் வண்டியைத் திருத்தாமல் போட்டு வைத்த நாட்களுக்கு அவர் ஒரு நியாயம் சொல்லலாம்தான். ஆனாலும் பேச்சு 1,20,000இல் தொடங்காமல் 30,000இல் தொடங்கும்.

காயம் என்றால் வைத்தியச் செலவு, இழந்த வருமானம், இனி இழக்கப்போகும் வருமானம், வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை என்று தனித்தனியாகக் கேட்பார்கள். அரச வைத்தியசாலையில் கிடைத்த சிகிச்சைக்குத் தனியார் பில் வராது, அதைக் கவனியுங்கள். மரணம் என்றால் தங்கி வாழ்ந்தவர்களின் இழப்போடு, 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின்படி அன்பையும் பராமரிப்பையும் இழந்ததற்கும் குடும்பத்தார் கேட்க முடியும். அந்த நிலையில் தனியாக எதையும் செய்ய வேண்டாம், சட்டத்தரணி இல்லாமல் ஒரு பதிலும் வேண்டாம்.

இரு பக்கமும் பிழை என்றால்

இதில்தான் காப்புறுதி இல்லாதவர் உண்மையாக ஏதாவது மிச்சம் பிடிக்க முடியும். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்தபிறகு, இடிபட்டவரிடமும் பிழை இருந்தால் அந்த அளவுக்கு நட்டஈடு குறையும். 3,00,000 ரூபா இழப்பு, அவருடைய பங்கு முப்பது வீதம் என்று நீதிமன்றம் கண்டால் நீங்கள் கட்டுவது 2,10,000. ஹெல்மட் போடாமல் தலையில் அடிபட்டது, லைட் இல்லாமல் இரவில் வந்தது, மூன்று பேர் ஏறிப் போனது, ஒருவழியில் எதிராக வந்தது எல்லாம் இதற்குள் வரும். ஆனால் மறுமொழியில், அதாவது வழக்குக்கு நீங்கள் நீதிமன்றத்தில் போடும் எழுத்துப் பதிலில், எழுதினால்தான் செல்லும். விசாரணை நாளில் திடீரென்று எழுந்து சொல்ல முடியாது.

மாடு குறுக்கே பாய்ந்தது என்பது நம் ஊரின் நிரந்தரப் பதில். சாம்பல்தீவு, நிலாவெளி வீதியில் இரவில் தாரின் சூட்டுக்கு மாடு படுத்திருப்பதும், கோட்டைப் பக்கம் மான் நிற்பதும் எல்லாருக்கும் தெரியும். தெரிந்த ஆபத்து என்பதே இந்த வாதத்தின் பலவீனம். உங்கள் லைட் எட்டும் தூரத்துக்குள் நிற்பாட்டக்கூடிய வேகத்தில் வந்திருக்க வேண்டும் என்பார்கள். பற்றைக்குள்ளிருந்து கடைசி நிமிடத்தில் பாய்ந்தது, அதைத் தவிர்க்க வெட்டினேன் என்று காட்டச் சாட்சி இருந்தால் மட்டும் அதைத் தூக்குங்கள்.

அழைப்பாணை

சாதாரணமாகப் பதிவுத் தபாலில் வரும். அது சேராவிட்டால் பிஸ்கால் (நீதிமன்றக் கட்டளைகளைச் சேர்ப்பிக்கும் அலுவலர்) கொண்டுவருவார், ஆள் அகப்படாவிட்டால் நீதிமன்றக் கட்டளையோடு வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள். தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினால் வழக்கு நிற்கும் என்று தேத்தண்ணிக் கடையில் சொல்வதைக் கேட்க வேண்டாம். மகன் கட்டாரில், அழைப்பாணை மூன்றாம் கட்டையில் உள்ள தாயின் வீட்டுக் கதவில் என்றால் அன்றே மகனுக்குப் படம் எடுத்து அனுப்பி, இங்கே ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

முதல் பக்கத்தில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு இலக்கம், தவணைத் திகதி மூன்றையும் பாருங்கள். விபத்து மூதூர்ப் பக்கமோ கந்தளாய்ப் பக்கமோ என்றால் வழக்குத் திருகோணமலைக் கோட்டிலேயே இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். தவணைக்கு ஒரு கிழமையாவது முன்பு சட்டத்தரணியிடம் போய், உங்களுக்காக ஆஜராக அவருக்கு அதிகாரம் கொடுக்கும் 'புரொக்சி'யில் கையொப்பம் வையுங்கள். அன்றைக்கு மறுமொழி எழுதி முடியாவிட்டாலும், ஆள் ஆஜராகித் தவணை கேட்கலாம். காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்கு அழைப்பாணை, அடையாள அட்டை, வருமானம் பற்றிய கிராம உத்தியோகத்தரின் கடிதம் என்பவற்றோடு போங்கள்.

போகாமல் விட்டால் நீதிமன்றம் வழக்காளியை மட்டும் விசாரித்துத் தீர்ப்பாணை கொடுக்கும். அந்த 4,000 ரூபாவையும் 30 நாளையும் கேட்பதற்கு அங்கே ஆளிருக்காது. அந்தத் தீர்ப்பாணை உங்கள் கைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள், வராததற்கு நியாயமான காரணத்தோடு விண்ணப்பித்தால் திரும்பத் திறக்கலாம். வைத்தியசாலையில் இருந்தது, அழைப்பாணை கிடைக்கவே இல்லை என்பவை காரணம். "மறந்துபோனேன்" காரணமல்ல. பதினைந்தாம் நாள் போனால் சட்டத்தரணி உதட்டைப் பிதுக்குவார்.

மறுமொழி போட்டபிறகு வழக்கு இழுபடும். முன்விளக்கத்தில் (விசாரணைக்கு முந்திய கட்டம்) ஒப்புக்கொள்பவை எவை, எழுவினாக்கள் (நீதிமன்றம் தீர்க்கவேண்டிய கேள்விகள்) எவை என்று பிரிப்பார்கள், சமாதானத்துக்கும் கேட்பார்கள். சாட்சிகளின் பட்டியலும் ஆவணப் பட்டியலும் நேரத்துக்குப் போகவேண்டும், பட்டியலில் இல்லாத கமராப் பதிவு பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

பேசித் தீர்ப்பது

காப்புறுதி இல்லாத பெரும்பாலானோருக்குச் சரியான வழி இதுதான் என்பது எங்கள் எண்ணம், அதுவும் முன்விளக்கத்துக்கு முன்னரே. தொகை சிறிதென்றால் வழக்கே மத்தியஸ்த சபைக்குப் போய் வந்திருக்கும். அங்கே அழைத்தால் போங்கள், செலவில்லாத இடம் அது. தொகையைச் சொல்லுமுன் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று வீட்டில் இருந்து கணக்குப் போடுங்கள். கௌரவத்துக்காக 25,000 என்று ஒப்புக்கொண்டு மூன்றாம் மாதம் தவறவிடுவதைவிட, 12,000 என்று நின்று ஒழுங்காகக் கட்டுவது மேல். ஒரு தவணை தவறினால் முழுத் தொகையும் உடனே என்ற வசனத்தை மற்றப் பக்கம் நிச்சயம் போடும். அதற்குள் 14 நாள் சலுகைக் காலம் கேட்டு வாங்குங்கள்.

வழக்குக்கு வெளியே தீர்த்தால் எழுத்து வேண்டும்: விபத்தின் திகதி, இடம், இரு வாகன இலக்கம், மொத்தத் தொகை, கட்டிய விதம், "இந்த விபத்துத் தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி, இரு சாட்சிகள். பள்ளிவாசலிலோ கோயில் மண்டபத்திலோ ஊர்ப் பெரியவர் முன் கையில் காசைக் கொடுத்து "சரி மச்சான்" என்று எழும்பி வருவதால் எதுவும் மூடப்படாது. பெரியவர் இருக்கட்டும், எழுத்தும் இருக்கட்டும். காயப்பட்டது பிள்ளை என்றால் வழக்கில் செய்யும் இணக்கத்துக்கு நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும். வழக்கு ஏற்கெனவே ஓடுகிறதென்றால் இணக்கத்தை நீதிமன்றத்தில் பதிவுசெய்தே தீரவேண்டும். பொலிஸ் வழக்கு இதனால் தானாக நிற்காது, அது தன் பாட்டில் போகும்.

தீர்ப்பாணை வந்துவிட்டால்

நிறைவேற்று எழுத்தாணை எடுத்து உங்கள் சொத்தைக் கைப்பற்ற மற்றப் பக்கத்துக்குப் பத்து வருடம் இருக்கிறது. அத்தியாவசியமான உடுப்பு, படுக்கை, தொழில் உபகரணங்களில் கைவைக்க முடியாது. காணி, வாகனம், வங்கியில் உள்ள காசு அப்படியல்ல. அழைப்பாணை வந்தபிறகு காணியை மனைவி பேருக்கோ தம்பி பேருக்கோ நன்கொடையாக எழுதுவது நம்மூரில் முதலில் தோன்றும் யோசனை. கடன்கொடுத்தோரை ஏமாற்றச் செய்த உறுதி என்று அதை ரத்துச் செய்விக்கலாம், சொத்தை மறைத்தவர் என்ற பெயரும் சேரும். வேண்டாம்.

தீர்ப்பாணைக்குப் பின் வெளியே கட்டும் ஒவ்வொரு ரூபாவும் நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்பட வேண்டும். அறிவிக்காத கொடுப்பனவை நீதிமன்றம் கணக்கில் எடுக்காது, உங்கள் கையில் பற்றுச்சீட்டு இருந்தாலும் திரும்பக் கட்டச் சொல்லலாம். ஆகவே வழக்கு இலக்கத்தைப் போட்டு நீதிமன்றத்திலேயே வைப்பிடுங்கள், அல்லது ஒவ்வொரு தவணையும் வழக்கேட்டில் பதியப்பட்டதா என்று சட்டத்தரணியைக் கொண்டு பாருங்கள். முழுவதும் கட்டி முடிந்தபிறகு, காணி கைப்பற்றப்பட்டிருந்தால் அந்தக் கைப்பற்றலை நீக்கும் கட்டளையை எடுத்துக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். கட்டிவிட்டோம் என்று விட்டால், ஐந்து வருடம் கழித்து மகளுக்குச் சீதனம் எழுதப் போகும்போது நொத்தாரிசு பதிவுத் தாளில் அதைக் காட்டுவார்.